மாம்பழத்துக்கு விழுந்த ஓட்டுகள்

“நீங்க எத்தனை வருஷமா குரலற்றவரா இருக்கீங்க?”

எனெலெசியிடம் ஒருவர் இப்படிக் கேட்டபோது அவள் மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏரிக்காற்று தெற்கேயிருந்து அடித்தது. அந்த நேரத்தில் புரட்டாவிட்டால் உசிபா ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் புழுங்கிப்போகும். விரல் நீளம்கூட இல்லாத மீன், ஆனால் யாருக்காகவும் காத்திருக்காது. அவள் கையை நிறுத்தாமல் பக்கத்து மீன்பரணருகே நின்ற நசிபெகோவைப் பார்த்தாள். யார் என்ன கேட்டாலும் எனெலெசி முதலில் நசிபெகோவைத்தான் பார்ப்பாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடின இடத்தில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“அவ கூச்சப்படுவா சார். என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்,” என்றாள் நசிபெகோ. அவள் சாதாரணமாகப் பேசினாலே ஏரிக்குள் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

வந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க வேண்டாம்மா. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கு.”

அவர் பெயர் ஹார்ட்வெல் ம்சோவோயா. ‘கீழிருந்து எழும் குரல்’ என்ற மையத்தின் களப்பொறுப்பாளர். ஒதுக்கப்பட்ட மக்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஓட்டின் அருமையை அவர்களுக்கு உணர்த்தி, தேர்தலுக்குள் எழுப்பி நிற்கவைப்பது மையத்தின் வேலை. ம்சங்கா கரைப் பெண்கள் எல்லா வகையிலும் அதற்குப் பொருத்தமாக இருந்தார்கள். ஏழைகள், பெண்கள், மீன் நாற்றம் உள்ளவர்கள், சாலையிலிருந்து தூரம். ஒரே ஒரு குறை, அவர்கள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ம்சங்கா கரையில் பெண்களுக்கென்று இருப்பது ஒன்றுதான். ஏரிக்கும் சாலைக்கும் நடுவே நாணல் பரண்கள் வரிசையாக நிற்கும் திடல். அதற்குப் பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. அம்மாக்கள் மீன் காயப்போட்டார்கள், மகள்களும் காயப்போடுகிறார்கள். வட்டார உறுப்பினர் காசிம் அந்தத் திடலை ஒரு விடுதிக்காரருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். மூலைக்கு மூலை சிவப்புச் சாயம் அடித்த கல் நட்டாகிவிட்டது. வருகிற தேர்தலில் காசிம் மறுபடியும் ஜெயித்தால் திடலைச் சுற்றி வேலி. எலூபே ஜெயித்தால் திடல் திடலாகவே இருக்கும். கரையில் எல்லோருக்கும் புரிந்த அரசியல் இவ்வளவுதான்.

எலூபே புருஷனை ஏரிக்குக் கொடுத்தவள். பரண் கட்டுவதில் கெட்டிக்காரி, பேச்சில் கஞ்சம். பெண்கள் கூடித்தான் அவளைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள், சின்னம் கூடை. மாவிடிக்கிற இடம், தண்ணீர்ப் பம்பு, படகுக்குக் காத்திருக்கும் விடிகாலை மணல் என்று போகிற வருகிற இடங்களில் பேசியே சுற்றுவட்டப் பெண்களை எல்லாம் ஒரே பக்கம் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஆண்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மீன் போகும் பக்கம் படகு போகும், படகு போகும் பக்கம் அவர்கள் போவார்கள். ஆளாளுக்கு வேறு வேறு கரையில் பெயர் பதிந்திருந்தது.

இதையெல்லாம் நசிபெகோ ஹார்ட்வெலிடம் பெருமையாகச் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. “இது ஒரு பக்கம் சாய்ஞ்ச வேலை. நாங்க நடுநிலை. யாருக்குப் போடணும்னு பேசவே கூடாது. போடணும்னு மட்டும்தான் பேசணும்.”

“யாருக்குன்னு தெரியாம எதுக்கு சார் போடணும்?”

“உரிமைக்கு.”

“உரிமை எந்தச் சின்னத்துல நிக்குது?”

ஹார்ட்வெல் எனெலெசி பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தலையைக் குனிந்திருந்தாள். அந்தக் குனிவு அவருக்குப் பிடித்துப்போனது. கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார். அன்றைக்கே அவள் ம்சங்கா கரையின் ‘குரல் முன்னோடி’ ஆக நியமிக்கப்பட்டாள். எலூபே வேட்பாளர் என்பதால் மையத்தின் பக்கமே வரக் கூடாது என்றும், நசிபெகோ தேவையான அளவுக்கு ஒதுக்கப்படவில்லை என்றும் தீர்மானமாயிற்று.

பயிற்சி தொடக்கப்பள்ளிக் கூடத்தில் நடந்தது. விருந்தாளி வந்தால் பெண்கள் ஆடிப்பாடி எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும் என்பது வழக்கம். ஆகவே தங்களுக்கு அறிவு புகட்ட வந்தவர்களை அவர்கள் வெயிலில் ஆடி அழைத்து வந்தார்கள். பிறகு ஒரு ஜெபம். அது கிறிஸ்தவ ஜெபமாகிவிட்டதால் அடுத்து ஒரு துஆ. பிறகு அறிமுகம். ஒவ்வொரு அதிகாரியும் எழுந்து, அங்கே தன்னைவிட மேலான எல்லோருடைய பட்டத்தையும் பெயரையும் சொல்லி வணங்கி, கடைசியில் தன் பெயரைச் சொன்னார். அடுத்தவர் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாக எழுந்தவர் வண்டி ஓட்டுநர். பாவம், அவர் எல்லோரையும் வணங்கி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தன் பெயரை அவர் சொல்லவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமலிருக்க ஒரு கைதட்டல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு விரலால் தட்டினால் தூறல், இரண்டு விரலால் மழை, முழுக்கையால் தட்டினால் வெள்ளம். கரையில் அன்றைக்கு நிஜமாகவே தூறிக்கொண்டிருந்தது. பரண்களில் கிடந்த மீனை நினைத்துக்கொண்டே பெண்கள் வெள்ளத்தைத் தட்டினார்கள்.

ஹார்ட்வெல் பலகையில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். “உங்களை ஓட்டுப் போட விடாம தடுக்குறது எது? பயப்படாம சொல்லுங்க. இங்க தப்பான பதிலே கிடையாது.”

“சாவடி தூரம் சார். ஆத்துக்குள்ள இறங்கித்தான் போவணும். பிள்ளையத் தூக்கிட்டு இறங்குறது கஷ்டம்,” என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி.

அவர் தாளில் எழுதினார்: ‘விழிப்புணர்வு இல்லாமை.’

“அன்னிக்கு மழை வந்தா மீனை யாரு எடுத்து வெக்கிறது?”

‘விழிப்புணர்வு இல்லாமை’ என்று மறுபடி எழுதினார்.

“ஒண்ணும் தடுக்கல சார். போன தடவை நாங்க எல்லாருமே போட்டோம்.”

ஹார்ட்வெல் எழுதுகோலை வாயில் வைத்து யோசித்தார். பிறகு எழுதினார்: ‘ஆழமான விழிப்புணர்வு இல்லாமை.’

அன்று மாலை அவர் எனெலெசியைத் தனியாக அழைத்து வண்டி நிழலில் நிற்கவைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் பள்ளிக்கூடம் இருந்தது.

“உங்களுக்கு விளங்குற மாதிரி சொல்றேன்மா. இந்தத் திட்டம் முடியும்போது நீங்க எவ்வளவு தூரம் முன்னேறினீங்கன்னு நாங்க காட்டணும். நீங்க பாட்டுக்கு முன்னாடியே போய் நின்னுட்டா நாங்க யாரை எங்க கூட்டிட்டுப் போறது? கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க. நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்.”

அதனால் பெண்கள் தெரியாமலிருக்கப் பழகினார்கள். அடுத்த முறை கேள்வி கேட்க ஆட்கள் வந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஓட்டு என்றால் என்ன? தெரியாது சார். எதற்காகப் போடுகிறோம்? தெரியாது சார். வட்டார உறுப்பினர் பெயர்?

“தெரியாது சார். அந்தத் திருட்டுப்பய பேரு எனக்கு எதுக்கு?”

வந்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். இத்தனை சுத்தமான அறியாமையை இந்த மாவட்டத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டி, ஆளுக்கொரு துணி கொடுத்துவிட்டுப் போனார்கள். இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. மஞ்சள் நிறம், அதில் மையத்தின் முத்திரையான திறந்த வாய், சோற்றுத்தட்டு அகலத்துக்கு. எப்படிச் சுற்றினாலும் ஒரு வாய் பின்பக்கம் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“அடியே எனெலெசி, கடைசியில உன்னையும் பேச வெச்சுட்டாங்க. ஆனா எங்கேர்ந்துன்னு பாத்தியா?” என்று நசிபெகோ திடல் முழுக்கக் கேட்கச் சிரித்தாள். அவளுக்கு மட்டும் துணி கிடைக்கவில்லை.

பயிற்சிகள் தொடர்ந்தன. ஓட்டின் வரலாறு, வரிசையில் நிற்கும் முறை, வரிசையில் நிற்கும் முறைக்கான மறுபயிற்சி. ஒவ்வொன்றுக்கும் ஆட வேண்டியிருந்தது, தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின்போதும் யாருடைய மீனாவது புழுங்கியது. பெண்களுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு ஒருவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். அவர்கள் போனார்கள், உட்கார்ந்தார்கள், வந்தார்கள்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மையத்தின் உச்ச நிகழ்ச்சி என்று ஹார்ட்வெல் அறிவித்தார். மாதிரித் தேர்தல். தலைநகரிலிருந்து இயக்குநர் வருகிறார். நிதி தருகிற வெளிநாட்டு அம்மையாரும் வருகிறார். ஒருத்தி குறைந்தாலும் மையத்துக்கு மானம் போய்விடும்.

“எல்லாரையும் கூட்டிட்டு வர்றது முன்னோடியோட பொறுப்பு. நீங்க கூப்பிட்டா வருவாங்க. வரலேன்னா, இவ்வளவு நாள் நாங்க உங்களை எழுப்பினது வீண்தானே?”

எனெலெசி இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. பிறகு வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று, கதவைத் தட்டாமல், யாராவது தற்செயலாக வெளியே வரும்வரை காத்திருந்து கேட்டாள். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள்.

“செவ்வாய்க்கிழமை உண்மையா போடத்தானே போறோம்? ஞாயித்துக்கிழமை பொய்யா எதுக்குடி?”

“ஆடி ஆடி முட்டி போச்சு. அந்த வாய்த்துணியக் கட்டிக்கிட்டு இனிமே நான் ஆட மாட்டேன் போ.”

எலூபேதான் பேசி முடித்துவைத்தாள். பரணுக்குக் கயிறு முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: “போய்ட்டு வாங்கடி. அந்தப் பிள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேக்குது. இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கு நம்மகிட்ட?”

எல்லோரும் போனார்கள்.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மறைப்புகள், பூட்டுப் போட்ட பெட்டிகள், வரிசைக் கயிறு, சீருடைக் காவலர்கள், அத்தனையும் அசல் மாதிரியே. மாம்பழம், வாழைப்பழம், பப்பாளி என்று மூன்று வேட்பாளர்கள். நடுநிலைக்காகப் பழங்களைத் தேர்ந்தெடுத்ததாக ஹார்ட்வெல் விளக்கினார். தலைமை விருந்தினராக, அதுவும் நடுநிலைக்காக, வட்டார உறுப்பினர் காசிமையே அழைத்திருந்தார்கள். பெண்கள் அவரையும் ஆடி அழைத்து வந்தார்கள்.

இயக்குநர் டாக்டர் லிஸ்னெட் கம்வெண்டோ ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அன்பான விளிம்புநிலை மக்களே! உங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் கலங்குகிறது. உங்களுக்காக நான் எத்தனை நாடுகளுக்குப் போயிருக்கிறேன், எத்தனை விடுதிகளில் தங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீங்கள் கீழே இருங்கள், குரல் மட்டும் மேலே வரட்டும். அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமோ அங்கே நாங்கள் சேர்த்துவிடுகிறோம்.”

தூறல், மழை, வெள்ளம் என்று பெண்கள் தட்டினார்கள். வெளிநாட்டு அம்மையாரும் முயன்றார். அவருக்குத் தூறல்தான் வந்தது.

முதல் வரிசையில் முதல் ஆளாக எனெலெசி நின்றாள். மேசைமேல் சின்னப் புட்டி. கறுத்த ஊதா நிறத்தில் மை. அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ இடறியது. போன தேர்தலில் விரலில் வைத்த மை, மழைக்காலம் வந்த பிறகும் நகக்கண்ணில் கிடந்தது. அவள் கையைத் தூக்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கினாள்.

“சார்... இந்த மை...”

“அசல் மை!” என்றார் ஹார்ட்வெல் பூரித்துப்போய். “தேர்தலுக்கு வாங்குற அதே மை. நம்ம மையத்துல போலின்னு எதுவுமே கிடையாது.”

“அதான் சார்... போகாதே... செவ்வாய்க்கிழமை...”

“கேள்வியா? நல்லது. கேள்வி எல்லாத்தையும் மரியாதையா நடத்துறது நம்ம முறை.” அவர் ஒரு துண்டுத்தாளில் ‘மை?’ என்று எழுதி, பந்தல் காலில் தொங்கிய பலகையில் ஒட்டினார். பலகையின் பெயர் ‘கேள்விகள் நிறுத்துமிடம்’. “நிகழ்ச்சி முடிஞ்சதும் ஒண்ணு விடாம எடுத்துப் பேசலாம்.”

பின்னால் நின்ற கைக்குழந்தைக்காரி எனெலெசியின் முதுகில் தட்டினாள். “வெய்யி. இவ்வளவு தூரம் வண்டி போட்டு வந்தவங்க இதை யோசிக்காமயா வந்திருப்பாங்க?”

அது நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை படித்தவர்கள், இத்தனை தாள்கள், இத்தனை காவலர்கள். யாராவது ஒருவர் யோசித்திருப்பார். எனெலெசி விரலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் கரையே நீட்டியது.

மரியாதைக்காகக் காசிமையும் விரலை மையில் முக்கச் சொன்னார்கள். அவர் புட்டியைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். பிறகு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “இது நம்ம தாய்மார்களோட நாள். நான் பாத்துச் சந்தோஷப்பட்டுக்கிறேன்,” என்றார். அவர் அவ்வளவு பணிவாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

மாம்பழம் பெருவாரியாக ஜெயித்தது. அதன் சார்பில் காசிமே ஏற்புரை நிகழ்த்தினார். வாழைப்பழத்துக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் தான் உறுப்பினராக இருப்பேன் என்று உறுதி கொடுத்தார். பிறகு கோழியும் சோறும் பாட்டில் கலரும் வந்தன. சாப்பிட்டு முடிக்கையில் கேள்விகள் நிறுத்துமிடத்தைச் சுருட்டி வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இருட்டு பிரியுமுன்பே பெண்கள் ஆற்றில் இறங்கி நடந்தார்கள். அன்றைக்கு யாரும் மீன் வாங்கவில்லை. பரண்கள் வெறுமையாகக் கிடந்தன. எலூபே முன்னால் போய் ஓட்டைப் போட்டுவிட்டு, வேட்பாளர் அங்கே நிற்கக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாவடித் தலைவர் ஜெய்லோசி பள்ளி ஆசிரியர். அதட்டிப் பேசத் தெரியாதவர்.

“விரலைக் காட்டுங்கம்மா.”

எனெலெசி காட்டினாள்.

“நீங்க போட்டாச்சே.”

“இப்பதானே சார் வர்றேன்.”

“மை இருக்கே.”

“அது ஞாயித்துக்கிழமை வெச்சது.”

“ஞாயித்துக்கிழமை தேர்தல் கிடையாதே.”

“கிடையாதுதான் சார். ஆனா போட்டோம்.”

“யாருக்கு?”

“மாம்பழத்துக்கு.”

ஜெய்லோசி வாக்குச்சீட்டை எடுத்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். “இந்த வட்டாரத்துல மாம்பழம்னு யாரும் நிக்கலையேம்மா.”

அடுத்தவளும் மாம்பழம் என்றாள். அதற்கடுத்தவள், “நான் பப்பாளிக்குப் போட்டேன் சார், என்னையாவது விடுங்க,” என்றாள். வரிசை முழுக்க ஊதா விரல்கள். ஜெய்லோசி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்க வாய் சொல்றத நான் நம்புறேன். ஆனா வாயைப் பாக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல. விரலைத்தான் பாக்கச் சொல்லியிருக்கு.”

சாவடி மைதானத்து மரத்தடியில் கழுவுவது தொடங்கியது. எலுமிச்சை, சாம்பல், பப்பாளிப் பால், யாரோ ஓடிப்போய் வாங்கி வந்த வெளுப்புத்தூள். மை அசையவில்லை. வாங்கியவர்கள் நல்ல மையாகத்தான் பார்த்து வாங்கியிருந்தார்கள். எனெலெசி ஒரு கல்லை எடுத்து ரத்தம் வரும்வரை தேய்த்துக்கொண்டு மறுபடி போனாள்.

ஜெய்லோசி அவள் கையைத் துணியால் சுற்றிவிட்டார். “காயம் பட்ட விரலுக்குத் தனி விதி இருக்கும்மா. அடுத்த விரலைப் பாக்கணும்னு. ஆனா காயம் படுறதுக்கு முன்னாடி நான் இதைப் பாத்துத் தொலைச்சிட்டேனே.”

வரிசையில் உள்ளே போய்த் திரும்பியது, மையம் சேர்த்துக்கொள்ளாததால் ஞாயிற்றுக்கிழமை மை வைத்துக்கொள்ளாத நசிபெகோ ஒருத்திதான். வெளியே வந்தவள் ஈரம் காயாத விரலைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு, திருடிவிட்டு வந்தவள் மாதிரி ஓரமாக நின்றாள். அவள் அப்படிச் சத்தமில்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை.

நடுப்பகலுக்கு மேல் ஹார்ட்வெலின் வண்டி வந்தது. ஜெய்லோசி அதற்குள் மேலிடத்துக்கு மூன்று நான்கு முறை பேசியிருந்தார். கடைசியில் ஒரு வழி கிடைத்திருந்தது. அதைச் சொல்ல அவரே மைதானத்துக்கு ஓடி வந்தார்.

“சார், உங்க மை போலின்னா விட்டுடலாம்னு மேல சொல்லிட்டாங்க. போலி மை கணக்குல வராதாம். ‘நாங்க வெச்சது போலி மை’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். இப்பவே உள்ள விடுறேன்.”

மரத்தடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஹார்ட்வெல் நிமிர்ந்தார். “போலியா? எங்க மையத்தைப் பத்தி என்ன நினைச்சீங்க? அசல் மைக்குத்தான் காசு கொடுத்திருக்கோம். ரசீது இருக்கு.”

எனெலெசி முன்னால் வந்தாள். அவளுக்கு நாக்கு ஒட்டவில்லை. “சார், போலின்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு வார்த்தை சார். எங்க திடல் போயிடும் சார். நீங்க கூப்பிட்ட எல்லாத்துக்கும் வந்தோமே சார்.”

அவர் கண் ஒரு நிமிஷம் தாழ்ந்தது. “அம்மா, தணிக்கை இருக்கு. போலின்னு நான் சொல்லிட்டா அசலுக்கு வாங்கின காசு எங்க போச்சுன்னு கேப்பாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு.”

“பிறகு திருத்திச் சொல்லிக்கலாமே சார்,” என்றார் ஜெய்லோசி.

“எங்க இயக்குநரைக் கேட்டுச் சொல்றேன்.”

கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். டாக்டர் கம்வெண்டோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் குரல் தழுதழுத்தது.

“என் சகோதரிகளே, இன்று உங்களுக்கு நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு. ஓட்டுரிமைப் பறிப்பு! எத்தனையோ கருத்தரங்குகளில் நான் பேசியிருக்கிறேன், ஆனால் இவ்வளவு துல்லியமாக நடந்து பார்த்ததில்லை. தயவுசெய்து யாரும் மையைக் கழுவ வேண்டாம். இது சாட்சி. ஹார்ட்வெல், விரல்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். இவர்களுடைய ஓட்டைப் பறித்தவர் யாராக இருந்தாலும் மையம் சும்மா விடாது.”

ஹார்ட்வெல் படம் எடுத்தார். பெண்கள் விரலைக் காட்டினார்கள். ஏன் காட்டினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காட்டச் சொன்னால் காட்டுவதற்கு அத்தனை வாரமாகப் பழகியிருந்தார்கள். அவர் கடைசி விரலை எடுத்து முடித்தபோது சாவடியின் கதவைச் சாத்தினார்கள்.

காசிம் ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான். கரைப் பெண்களில் பாதிப் பேர் உள்ளே போயிருந்தாலும் தீர்ந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் இரண்டொரு நாள்தான் பேசினார்கள். யாரும் எனெலெசியைத் திட்டவில்லை. அவள் தண்ணீர்ப் பம்புக்கு வந்தால் குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள். அவ்வளவு மரியாதை அதற்கு முன்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. மாதிரித் தேர்தலில் மாவட்டத்திலேயே அதிகப் பங்கேற்பு ம்சங்கா கரைக்குத்தான் என்று மையம் வானொலியில் அறிவித்தது. அதற்குப் பாராட்டுப் பட்டயத்தை, தொகுதியின் சார்பில், காசிம் வாங்கிக்கொண்டார்.

வேலிக்காரர்கள் வந்து குழி தோண்டினார்கள். சனிக்கிழமைக்குள் பரண்களை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை காலை பெண்கள் பிரிக்கத் தொடங்கியபோது வெள்ளை வண்டி ஓடோடி வந்து நின்றது. ஹார்ட்வெல் குதித்து இறங்கினார். கூடவே பெரிய படப்பெட்டியோடு ஓர் ஆள்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! நல்லவேளை, இன்னும் முழுசா பிரிக்கல.” மூச்சு வாங்கியது அவருக்கு. “மையம் உங்களைக் கைவிடல. அடுத்த திட்டம் வந்திருக்கு. ‘இடம்பெயர்ந்தோரின் குரல்.’ நீங்க இடம் பெயர்றதுக்கு முன்னாடி ஒரு படம், பெயர்ந்த பிறகு ஒரு படம். முன்படம் இல்லேன்னா நிதி கிடைக்காது. ஆளுக்கொரு கழியப் பிடிச்சு வரிசையா நில்லுங்க. முன்னோடி அம்மா நடுவுல.”

நசிபெகோ வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி ஒரு கழியை எடுத்தாள். பக்கத்தில் நின்றவள் இன்னொன்றை எடுத்தாள். வரிசையில் நிற்பதில்தான் அவர்களுக்கு மறுபயிற்சிவரை கொடுத்தாகியிருந்தது. எனெலெசி நடுவில் போய் நின்றாள்.

“கொஞ்சம் சோகமா,” என்றார் படக்காரர். அவர்களைப் பார்த்துவிட்டு, “சரி, இதுவே போதும்,” என்றார்.

எலூபே வரிசைக்கு வரவில்லை. அவள் தன் பரணை விடிந்ததிலிருந்தே பிரித்து, கழிகளை நீளவாக்கில் அடுக்கி, நாணல் பாயைச் சுருட்டி மேலே வைத்துக் கட்டியிருந்தாள். துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள். அந்தக் கட்டை இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்கிவிட வேண்டும். எல்லோருடைய கையிலும் படத்துக்கான கழி இருந்தது. எலூபே முழங்காலிட்டு, கட்டை மடியில் ஏற்றி, தோளில் ஏற்றி, எப்படியோ தலைக்குக் கொண்டுபோய் எழுந்தாள். கால் ஒருமுறை தள்ளாடி நின்றது.

“அக்கா,” என்றாள் எனெலெசி.

எலூபே நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியாத பாரம். படப்பெட்டிக்கும் வரிசைக்கும் நடுவில், ஏரியைப் பார்த்தபடி, மீதியைக் கேட்கக் காத்திருந்தாள். நிதானமாகவே காத்திருந்தாள். எனெலெசி தேடிப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வைக்க அவளிடம் ஒன்றுமே இல்லை.

“அந்த அம்மா மறைக்கிறாங்க சார், கொஞ்சம் நகரச் சொல்லுங்க,” என்றார் படக்காரர்.

எலூபே ஒரு கையால் கட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வேலிக்குத் தோண்டியிருந்த குழிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு, சாலைப் பக்கமாக நடந்து போனாள்.